மல்லாந்து கிடக்கும் கலை

என் மகள் கூண்டுக்குள் நின்று சண்டை போடுகிறாள் என்பது கோயம்புத்தூரில் சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்னும் தெரியாது. ஜிம்முக்குப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இளைப்பதற்காகப் போகிறாள் என்று அவர்களாகவே முடிவுசெய்துகொண்டு, இன்னும் இளைக்கவில்லையே என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் வருத்தப்படுகிறார்கள். போன முறை அவளுடைய தோளகலத்தைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் என்னைத் தனியாக அழைத்துப்போய், "ஏனுங் அண்ணி, பொண்ணுக்குத் தைராய்டு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றேன். பொய்யில்லை. போட்டிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை எல்லாம் கேட்கிறார்கள்.

எங்கே ஆரம்பித்தது என்றால், கராத்தேயில்தான். புனேவுக்கு நாங்கள் வந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பு. கோந்த்வாவில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மாலை நேரம் ஒரு மாஸ்டர் வருவார். பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றைக் குத்துவார்கள். காற்று திருப்பிக் குத்தாது என்பதால் எல்லோருக்கும் பெல்ட் கிடைத்தது. பெல்ட் வாங்காமல் வீடு திரும்பிய பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. மகளின் பிரவுன் பெல்ட் இப்போது எங்கள் சமையலறையில் தண்ணீர் வடிகட்டியின் குழாயை ஆடாமல் கட்டிப் பிடித்திருக்கிறது. அந்தக் கலையால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே தற்காப்பு அதுதான்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ் பழகப் போவதாகச் சொன்னாள்.

"அதுல என்ன மிக்ஸ்?" என்று கேட்டார் என் கணவர்.

"எல்லாம் மிக்ஸ், அப்பா. குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம், கீழ போட்டு லாக் பண்ணலாம்."

"எதைப் பண்ணக் கூடாது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கண்ணுல விரல் விடக் கூடாது. கடிக்கக் கூடாது."

இத்தனை வருட வளர்ப்பில் மிஞ்சி நிற்பது இந்த இரண்டு நல்லொழுக்கங்கள்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் மகர்பட்டாவில் ஐ.டி. வேலையில் இருப்பவர். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். எங்கள் ஃபிரிட்ஜ் வந்ததும் அப்படித்தான். நுழைவுத்தேர்வுக்கு கோச்சிங் வகுப்பு தேடியதும் அப்படித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் லேப்டாப்பை டிவியோடு இணைத்து, உலகத்தின் அடிதடிகளை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டினார். பக்கவாட்டில் காயம், ஒழுக்கம், வீட்டிலிருந்து தூரம் என்று கட்டங்கள். 'முகம்' என்ற கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது நான். அந்த ஒரு கட்டத்திலேயே பாக்ஸிங் அடிபட்டுப் போனது. மூய் தாய் என்ற தாய்லாந்துக் கலையில் முழங்கையாலும் அடிப்பார்களாம்; அதைப் பற்றிப் பேசவே நான் விடவில்லை. ஜூடோவில் முகத்துக்கு ஆபத்தில்லை, ஆனால் வகுப்பு ஊரின் மறுகோடியில் இருந்தது. நம் பிள்ளை டிராஃபிக்கில் அடிபடுவதைவிடக் கூண்டில் அடிபடுவது மேல் என்று அதையும் தள்ளினோம்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று ஜியு ஜிட்சு. பெயருக்கே மென்மையான கலை என்று பொருளாம். மற்றொன்று இந்த ஊர் குஸ்தி. இரண்டிலும் குத்து கிடையாது, உதை கிடையாது. குஸ்திக்குப் பெண்கள் வகுப்பு நடத்தும் தாலீம் ஒன்று ஸ்கூட்டரில் போகிற தூரத்தில் இருந்தது. தாலீம் என்றால் குஸ்திக்கூடம். எனவே உலகத்தின் அத்தனை போர்க்கலைகளிலும் தலைசிறந்தது குஸ்தியே என்று எங்கள் வீட்டில் தீர்மானமாயிற்று.

"ஒண்ணு மட்டும் கத்துகிட்டா மிக்ஸ்டு எப்படி ஆகும்?" என்றாள் மகள்.

"முதல்ல ஒண்ணுல டிகிரி வாங்கு கண்ணு. அப்புறம் மிக்ஸ் பண்ணலாம்" என்றார் அவர்.

இரண்டு வருடம் தாலீமுக்குப் போனாள். நானும் கூடவே போய், செம்மண் குழியின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கிறவள் நான். வஸ்தாத் என்று அழைக்கப்படும் அந்தப் பயிற்சியாளர் நெம்புகோலைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று ஆரம்பத்தில் காது கொடுத்தேன். பிறகு அவர் பெரும்பாலும் பாதாமைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு விதி மட்டும் என் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. முதுகு மண்ணைத் தொட்டால் கதை முடிந்தது. எந்தப் பெண் மல்லாந்து விழப் போனாலும் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் கத்துவார்கள்; அவள் காற்றிலேயே புரண்டு குப்புற விழுவாள்; எல்லோரும் மூச்சு விடுவார்கள். நானும் விடுவேன், சிவப்புப் பேனா கையில் இருக்க.

அதன்பிறகுதான் கோந்த்வாவில், டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கும் இந்த ஜிம்முக்கு வந்தோம். மிக்ஸ்டு என்று பெயர்தானே தவிர, அங்கே யாரும் கலக்கவில்லை. ஆளுக்கொரு மதம். தாய்லாந்துக்கு இரண்டு வாரம் சுற்றுலா போய்வந்த ஒருவர், வந்ததிலிருந்து சட்டையே போடுவதில்லை. மனிதனின் தாடை எலும்பைப் பற்றி மட்டும் பேசுவார். பாக்ஸிங் பழகுகிறவர்கள் மற்ற எல்லோரையும் கட்டிப்பிடிக்கிற கூட்டம் என்பார்கள். பெற்றோர்களுக்கென்று போட்டிருந்த சோபாவில் அமர்ந்தால் இந்தத் தர்க்கம் எல்லாம் காதில் விழும். தலையில் அடி வாங்கியவர்கள் பேசுவதற்கும் வாங்காதவர்கள் பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எல்லோரிலும் தீவிரமானவர்கள் ஜியு ஜிட்சுக்காரர்கள். பெரும்பாலும் சாஃப்ட்வேர் ஆட்கள். வந்ததும் வணக்கம் வைத்துவிட்டு மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். அதுதான் அவர்கள் கலையின் தொடக்கம். எதிராளியைக் காலால் வளைத்து மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு, கீழே கிடந்தபடியே ஜெயிப்பார்களாம். முதல் நாள் அதைப் பார்த்ததும், இத்தனை பேரும் ஒரே நேரத்தில் தோற்றுவிட்டார்களே என்று பரிதாபப்பட்டேன்.

இங்கேதான் என் மகளின் நோய் வெளியே வந்தது. 'நோய்' என்பது அங்கிருந்த கோச்சின் வார்த்தை. கீழே விழுந்த மறுகணம் அவள் குப்புறப் புரண்டுவிடுவாள். குஸ்தியில் அது உயிர்ப்பிச்சை. இங்கேயோ, குப்புறப் படுத்தவளின் முதுகில் எதிராளி ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிவிடுவாள். மூச்சு முட்டினால் எதிராளியின் மேல் தட்ட வேண்டும், தட்டினால் விட்டுவிடுவார்கள் என்பது ஏற்பாடு. ஆனால் தாலீமில் அந்தப் பழக்கமே கிடையாது. தோற்றாயா இல்லையா என்பதை அங்கே வஸ்தாத் சொல்வார், தோற்றவள் சொல்வதில்லை. அதனால் என் மகளுக்குத் தட்டவும் வராது.

"இவ முதுகைக் காட்டறதை நிறுத்தினாத்தான் நான் போட்டிக்குப் பேர் கொடுப்பேன்" என்று கோச் ஹிந்தியில் என்னிடம் சொன்னார். அரை வருடத்துக்கும் மேலாக அவளுக்கு ஒரே பாடம்: மல்லாந்து கிட. காலால் வளைத்துப் பிடி. பொறுமையாக இரு. படுத்தே கிடப்பதற்கா மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம் என்று என் கணவர் கேட்டார். வீட்டில் அவர் அதை இலவசமாகச் செய்கிறவர்.

எங்கள் குடும்பப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புனேவில் தமிழ் எங்களுக்கு வெறும் தாய்மொழியல்ல, சுவர். வாசலைத் தாண்டிவிட்டால் யாரைப் பற்றியும் யார் முன்னாலும் தமிழில் பேசலாம். ஆட்டோவில் டிரைவரின் மீசையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். லிஃப்டில் பக்கத்து வீட்டு அம்மாளின் சென்ட்டைப் பற்றி, அவர் மூக்குக்கு எதிரிலேயே, சிரித்த முகத்தோடு விவாதித்திருக்கிறோம். இந்தச் சௌகரியத்தில் நாங்கள் அனுபவித்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மகளுக்குத் தமிழ் அரைகுறைதான். படிக்க வராது. ஆனால் எழுந்திரு, சாப்பிடு, கையை எடு, விழுந்துடாதே என்று நாங்கள் அவளிடம் பேசிய தமிழ் எல்லாம் கட்டளைகள் என்பதால், அவை மட்டும் அவளுக்கு நன்றாகப் புரியும்.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காரும் மேடைக்கு எதிரே கூண்டை நிறுத்தியிருந்தார்கள். முந்தைய முகூர்த்தத்தின் தெர்மகோல் மயில்கள் இரண்டு, சுவரில் தோகையை விரித்துக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாற்காலிகளுக்குச் சிவப்பு உறை. சாப்பாட்டுக்கூடத்தில் முதலுதவி.

முன் வரிசையில் ஒரு நடுவயது அம்மா, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, போனில் யாரையோ மராத்தியில் திட்டிக்கொண்டிருந்தார். பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்ததும், "ஆவோ, பைட்டோ" என்று பையை எடுத்துத் தன் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் எங்கள் சுவரை எழுப்பிக்கொண்டோம்.

மகளோடு மோத வேண்டிய பெண் கூண்டுக்குள் வந்தாள். ஊரின் பெரிய ஜெயில் இருக்கும் ஏரவாடாப் பகுதியிலிருந்து வருகிறாள் என்று மைக்கில் சொன்னார்கள். ஜியு ஜிட்சு கற்றவள், குட்டை, அகலம்.

"என்னங்க, கழுத்தையே காணோம்?" என்றேன்.

"தலையை நேரா தோள் மேல வெச்சுத் தெச்சுட்டாங்க போல" என்றார் அவர்.

"ஏரவாடான்னா தெருச் சண்டையில பழகியிருப்பா. டெக்னிக் இருக்காது."

"ஒரு ரவுண்டு தாங்கினா பெருசு. நடக்கறதைப் பாரு, கேஸ் சிலிண்டர் உருண்டு வர்ற மாதிரி."

நாங்கள் சிரித்தோம். பயந்தால் நாங்கள் இப்படித்தான். பக்கத்து அம்மா வேர்க்கடலையை நீட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஹிந்தியில் நன்றி சொன்னோம்.

முதல் சுற்றில் மகள் நன்றாகவே ஆடினாள். என்னைப் பொறுத்தவரை, முகத்தில் ஒன்றும் படவில்லை. இரண்டாம் சுற்றில் அந்தப் பெண் தாழ்ந்து வந்து மகளின் இரண்டு கால்களையும் சேர்த்தணைத்துத் தூக்கிக் கீழே போட்டாள். மகள் மல்லாந்து விழுந்தாள். சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

விழுந்தவள் புரளவில்லை. அதை இப்போது என்னால் பாராட்ட முடிகிறது. கற்றுக்கொடுத்தபடியே மல்லாந்து கிடந்து, காலால் அந்தப் பெண்ணின் இடுப்பை வளைத்துப் பூட்டிக்கொண்டு, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து வைத்திருந்தாள். கோச் கூண்டுக்கு வெளியிலிருந்து, "அப்படியே இரு, அப்படியே இரு" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நான்தான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது, என் பிள்ளையின் முதுகு தரையில் இருப்பதை. தாலீம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உடம்பு தானாக எழுந்தது.

"கண்ணு, திரும்பு! குப்புறத் திரும்புடி!"

அந்த மண்டபத்தில் அத்தனை பேர் கத்தியதில் தமிழ் அது ஒன்றுதான். பாட வேளை முழுக்கப் பின்பெஞ்சு வரைக்கும் எட்டிப் பழகிய குரல்.

அவள் திரும்பினாள்.

அதே நொடியில் என் காதருகே இன்னொரு தமிழ் கேட்டது. பக்கத்து அம்மா நாற்காலி மேலேயே ஏறி நின்றிருந்தார். வேர்க்கடலை எல்லாம் என் புடவையில். "பாப்பா! திரும்பறா பாரு! முதுவு! முதுவப் புடி!"

பாப்பா பிடித்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை மகளின் கழுத்தைச் சுற்றி வந்தது. மறுகை அவள் தலைக்குப் பின்னால் போய் அடைத்தது. தட்டு, தட்டு என்று கோச் கத்தினார். மகளின் வலது கை மேலே எழுந்தது. தட்டுவதற்குத்தான் எழுந்தது என்று நான் நம்புகிறேன். பாதியில் நின்று, யாரோ விட்டுவிட்ட துணி மாதிரி கீழே விழுந்தது. நடுவர் பாய்ந்து அந்தப் பெண்ணை இழுத்தார்.

பிறகு குறட்டை கேட்டது. என் மகள் விடும் குறட்டை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி தின்றுவிட்டு ஹாலில் படுத்தால் வருமே, அதேதான். கண் பாதி திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. சில நொடிகள்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். என் கணவர் போனை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். பிறகு பார்த்தபோது அதில் பதிவாகியிருந்தது முழுக்க மண்டபத்தின் சரவிளக்கு.

கூண்டுப் பக்கம் ஓடப் போனேன். பக்கத்து அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. தூக்கம் மாரிதான். தோ, காலை ஆட்டறா பாருங்க. எம் பொண்ணுக்கும் ஒருவாட்டி ஆச்சு."

"நீங்க... தமிழுங்களா?"

"ஏரவாடாம்மா. எங்க அப்பாவே இங்க பொறந்தவரு." என் புடவையிலிருந்து ஒரு கடலையைத் தட்டிவிட்டார். "கழுத்தே காணோம்னு சொன்னீங்க இல்ல, அந்தப் பொண்ணோட அம்மா."

என் கணவர் அந்தக் கணத்தில் மயில்களைக் கூர்ந்து ஆராய்ந்தார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. அந்த அம்மா அதற்கும் தயாராக இருந்தார். "அழுவாதீங்க. சிலிண்டருன்னதுக்குத்தான் சார் கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன், அப்புறம் கேட்டுக்கறேன்" என்றார். கூண்டுப் பக்கம் நடந்தபடியே சொன்னார்: "மூஞ்சில அடி படாதுன்னுதான் நானும் இதுல சேத்தேன். பாத்தா, மூஞ்சிய விட்டுட்டுக் கழுத்த நெரிக்கறாளுங்க."

கூண்டுக்குள் மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்து, இது எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். "புனே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, ஜெயிச்சேனா?" என்றாள். ஏரவாடாப் பெண் அவள் பக்கத்தில் மண்டியிட்டு முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னிடம், "தாங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். கிண்டல் மாதிரித் தெரியவில்லை, அதுதான் வலித்தது. "நீங்க சொல்லலன்னா இவ முதுவு எனக்குக் கெடச்சே இருக்காது. அவ்ளோ டைட்டா புடிச்சிருந்தா."

காரில் மகள் கழுத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். நான் ஒரு முடிவோடு இருந்தேன். சிக்னலில் நின்றபோது சொன்னேன்: "போதும் கண்ணு. இதோட விட்டுடலாம்."

"எதை?"

"இந்தக் கூண்டு, சண்டை எல்லாத்தையும்."

"அரே அம்மா, நான் சரியாத்தானே கெடந்தேன்!" குரல் கரகரத்திருந்தது. "கோச் கத்தினது, ஜனங்க கத்தினது, எல்லாம் ஷோர் மாதிரி, சத்தமாத்தான் கேட்டுது. உன்னோடது மட்டும்தான் வார்த்தையாக் கேட்டுது. நான் யோசிக்கவே இல்ல. பாடி தானா திரும்பிடுச்சு."

பிள்ளை நம் பேச்சைக் கேட்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறது. என் பிள்ளை கேட்டாள். நினைவு தப்பும்வரை கேட்டாள்.

"இனிமே நான் வரலை. வீட்டுலயே இருக்கேன்" என்றேன்.

"அது சரிவராது. நீ வீட்டுல இருந்தாலும் என் தலைக்குள்ள கத்துவே" என்றாள். ஐஸ் பையைக் கழுத்தின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, "நீ ஜிம்முக்கு வரணும்" என்றாள்.

டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்ததும் அழைத்துப் போனாள். சோபாவில் உட்கார விடவில்லை. பாயின் ஓரத்தில் நிற்க வைத்தாள். அவள் மல்லாந்து படுத்தாள். கனமான ஒரு பெண் அவள்மேல் ஏறினாள். கோச் கைகட்டி நின்றார். தாய்லாந்துக்காரர்கூடத் தாடையை மறந்துவிட்டு வந்து நின்றார்.

"ம், கத்து" என்றாள் மகள்.

"என்ன கத்த?"

"அன்னிக்குக் கத்தினியே, அதேதான்."

முதலில் பாடம் படிப்பது மாதிரிச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். மறுபடி, கொஞ்சம் நிஜமாக: "கண்ணு, திரும்பு." அவளுடைய இடது தோள் பாயிலிருந்து வெடுக்கென்று எழும்பியது. மேலே இருந்த பெண்ணின் கை உடனே கழுத்தை நோக்கிப் போயிற்று. "திரும்ப முதல்லேர்ந்து" என்றார் கோச்.

அன்று மாலை முழுக்க அதுதான் எனக்கு வேலை. குரலை உயர்த்தி, அதட்டி, கெஞ்சி, பெற்ற மகளைக் கழுத்து நெரிபடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எழும்பிய தோள் பாதி எழும்பியது, பிறகு துடித்தது, பிறகு துடிக்கவும் இல்லை.

"இன்னும் சத்தமா, அம்மா. மண்டபத்துல கத்தின மாதிரி."

மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கீழே டைல்ஸ் கடையில்கூடக் கேட்டிருக்கும். "குப்புறத் திரும்புடி!"

மகள் கூரையைப் பார்த்தபடி, காலைப் பூட்டிக்கொண்டு, நான் சொன்னது காதிலேயே விழாதவள் மாதிரி மல்லாந்தே கிடந்தாள்.